நிமிடத்துக்குப் பதினாறு

விண்ணப்பத்தில்
இனத்துக்கு நேரே எனக்கொரு கட்டம் இருந்தது.
தொழிலுக்கு நேரே இல்லை.
தாதி உண்டு, மருந்தாளர் உண்டு,
பல் சுத்தம் செய்பவர்கூட உண்டு.
ஆகக் கடைசியில் ‘மற்றவை’.
அதைத்தான் அமுக்கினேன்,
ஈசூன் நூலகத்தில், பக்கத்து மேசைப் பையன்
பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஒரு மாலையில்.

என்ன வேலை என்று கேட்டால்
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
வங்கியில்: சுவாசச் சிகிச்சையாளர்.
டாக்சியில்: ஆஸ்பத்திரி.
சித்தியிடம்: மூச்சுத் திணறுறவங்க பக்கத்துல நிக்கிறது.
“அதுக்கு டாக்டர் இல்லையா?”
இருக்கார் சித்தி. குழாயைப் போட்டுட்டுப் போயிடுவார்.
விடியிற வரைக்கும் அந்தக் குழாய் சொல்றதைக் கேட்க
ஒரு ஆள் வேணும்ல.
“அதுக்கா மணிலா போய் நாலு வருஷம் படிச்சே,”
என்றபடி கீரையை ஆய்ந்தார் சித்தி.

ஆர்.டி. என்று சுருக்கி எழுதியது என் பிழை.
கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து அழைத்தார்கள்.
கட்டிக்குக் கதிர் பாய்ச்சி அனுபவம் உண்டா?
எனக்குக் காற்று மட்டும்தான் தெரியும், என்றேன்.
மறுமுனையில் ஒரு பெருமூச்சு.
நல்ல ஆழம். இரைச்சல் இல்லை.
நுரையீரல் சுத்தம்.

அதுவரைக்கும் என்று ஒரு வேலை:
குறட்டைக்காரர்களுக்கு இயந்திரம் வாடகைக்கு விடுவது.
தோ பாயோவில் திரு. இங்,
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
வார்ப்பட்டையைக் காதுக்குப் பின்னால் இழுத்து
முகமூடியை மூக்கில் அமர்த்தினேன்.
கண்ணாடியில் பார்த்து, “யானை,” என்றார்.
அவர் மனைவி சிரிக்கவில்லை.
பதினொரு வருடமாகக் கூடத்துச் சோபாவில் தூங்குகிறவர் அவர்.
மறுநாள் காலை அவரே அழைத்தார்:
சத்தமே இல்லை.
செத்துவிட்டாரோ என்று மூன்று முறை எழுந்து போய்
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாராம்.
மூன்று முறையும் விரலில் காற்று பட்டதாம்.

நேர்காணல் நாலாவது மாடியில்.
மூன்று பேர், மூன்று தண்ணீர் போத்தல்.
எத்தனை மொழி தெரியும்?
மூச்சு விடச் சொல்ல நாலு:
ஹிங்கா. தாரிக் நாஃபாஸ்.
ஆங்கிலம். அப்புறம், நல்லா இழுத்து விடுங்க.
மற்றதையெல்லாம் தமிழில்தான் நினைக்கிறேன்.
இடப்பக்கத்துப் பெண் எதையோ குறித்துக்கொண்டார்.

நடுவில் இருந்தவர்தான் தலைமை.
கேள்விக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார்.
அது கண்டிப்பு என்று மற்ற இருவரும் நினைத்திருக்கலாம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிமிடத்துக்குப் பதினாறு இருந்தால் போதும்.
அவருக்கு இருபத்தாறு.
கழுத்து அகலம். கண்ணுக்குக் கீழே கறுப்பு.
ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு
நான் பதில் தேடிய இடைவெளியில்
அரை நொடி கண்ணயர்ந்தார்.

சொல்லியிருக்க வேண்டுமா?
படி ஏறும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது.
எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது. ஒன்பது மாடி.
ஆறாவதில் நின்று
என்னையே எண்ணினேன். சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில்
போன் வந்தது. அவரேதான்.
வேலை விஷயமாக இல்லை.
வீட்டில் மனைவி சொல்கிறாராம்,
அந்த இயந்திரம்... உங்கள் கம்பெனிதானே...
மாதம் என்ன வாடகை?

தொண்ணூறு வெள்ளி, முகமூடி தனி, என்றேன்.
முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், என்றேன்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

மேலே போயிருக்கிறது, என்றார்.
அப்புறம் இருவருமே ஒன்றும் பேசவில்லை.
போனை வைக்கவும் இல்லை.

இருபத்தி மூன்று.
இருபத்தி நான்கு.